எட்டாம் பக்கத்துச் சிறுத்தை

பழைய நாளிதழ்களைத் தேதி வரிசையில் அடுக்கி வைத்திருப்பவள் நான். ஆனால் இப்போது எடுத்து விரித்திருக்கும் இந்த ஒரு நாளின் தேதியை மட்டும் சொல்லப்போவதில்லை. தேதி தெரிந்தால் ஊர் தெரிந்துவிடும், ஊர் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும். அந்த ஆட்களில் சிலர் இன்னும் கரும்பு போடுகிறார்கள், ஆலையில் அவர்களுக்கு இன்னும் காரியம் இருக்கிறது. எண்பதுகளின் நடுவில், கத்திரி முடிந்தும் வெயில் குறையாத ஓர் ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. இவ்வளவு போதும்.

அப்போது எங்கள் ஊர் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பிறகு விழுப்புரத்துக்குப் போனது. இப்போது கள்ளக்குறிச்சியே மாவட்டம். வீட்டில் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாமல் மூன்று மாவட்டங்களில் குடியிருந்த குடும்பம் எங்களுடையது.

முதல் பக்கத்தில் தங்கம் விலை 'கிடுகிடு உயர்வு' என்றிருக்கிறது. அந்த விலையை இன்று என் தங்கையிடம் படித்துக் காட்டினால் அழுதுவிடுவாள். அதன் கீழே, வெயிலுக்குக் குடை பிடித்துப் போகும் கல்லூரி மாணவிகளின் படம். ஆண்டு தவறாமல் இதே படம்தான் வரும். வெயில் எல்லாருக்கும் அடித்தாலும், கல்லூரி மாணவிகள் குடை பிடித்தால்தான் அது செய்தி. மூன்றாம் பக்கத்தில், வீட்டைவிட்டு ஓடிப்போன ஒருவருக்கு அறிவிப்பு: அம்மா படுத்த படுக்கை, உடனே திரும்பவும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கடைசிச் சொற்களை மட்டும் நம்பாமல்தான் பல பேர் திரும்பி வரவில்லை என்று நினைக்கிறேன். ஐந்தாம் பக்கத்தில், கள்ளக்குறிச்சிக்கு ரயில் விட வேண்டும் என்று வணிகர்கள் கோரிக்கை. தேதியை மட்டும் மாற்றி அந்தச் செய்தியை எத்தனையோ ஆண்டுகள் அப்படியே அச்சிட்டிருக்கலாம்.

எட்டாம் பக்கத்தில், பல்பொடி விளம்பரத்துக்குப் பக்கத்தில், நாங்கள் இருக்கிறோம்.

"கரும்புத் தோட்டத்தில் சிறுத்தை: பொதுமக்கள் பீதி" என்பது தலைப்பு. உள்ளே நான்கே வாக்கியங்கள். கல்வராயன் மலை அடிவாரத்தில் உள்ள ஒரு கிராமத்தில், கரும்புத் தோட்டத்தில் சிறுத்தை நடமாடுவதை விவசாயி ஒருவர் நேரில் பார்த்தார். இதனால் பொதுமக்கள் பீதியில் உள்ளனர். இரவில் யாரும் வெளியே வருவதில்லை. வனத்துறையினர் தேடி வருகின்றனர்.

நேரில் பார்த்த விவசாயி என் சித்தப்பா. அவர் விவசாயி என்பதை அதுவரை எங்கள் வீட்டில் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. பீதியடைந்த பொதுமக்கள் நாங்கள். செய்தி வந்த நேரத்தில் அம்மா கருவாடு கழுவிக்கொண்டிருந்தார், நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். இரவில் யாரும் வெளியே வருவதில்லை என்று எழுதியிருக்கிறது. அந்த வாரத்தில்தான் சித்தப்பா ஒரே படத்தை இரண்டு முறை இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வந்தார். வனத்துறையினர் என்பது சைக்கிளில் வந்த ஒரு பாரஸ்ட் கார்டு. அவர் எங்கள் புளியமரத்தடியில் மோர் குடித்துவிட்டு, கரும்பை வெளியிலிருந்து ஒரு பார்வை பார்த்து, "இருந்தாலும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்த நாளிதழ்களை எல்லாம் புரட்டியிருக்கிறேன். தேடி முடித்ததாக எங்கும் செய்தி இல்லை. எழுத்துச் சான்றின்படி அவர்கள் இன்றுவரை தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தச் செய்திக்குப் பின்னால் இருந்த சங்கதி கரும்புதான்.

கரும்பு போடுகிறவன் தன் கரும்பைத் தன் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. நட்ட தேதியை ஆலையில் பதிந்திருப்பார்கள். அந்த வரிசைப்படி ஆலை வெட்டு உத்தரவு கொடுக்கும். உத்தரவு வந்த பிறகுதான் வெட்டாள் வருவார்கள், லாரி வரும். அந்த ஆண்டு விதைக் கரணை கிடைக்கத் தாமதமாகி, அப்பா எல்லாருக்கும் பின்னால் நட்டிருந்தார். அதனால் வரிசையிலும் பின்னால். கிணற்றில் தண்ணீர் அடியைத் தொட்டுவிட்டது. கரும்பு பூத்து, தோகை காய்ந்து சோகையாகி, தொட்டால் சரசரவென்று சத்தம் போட்டது. இன்னும் கொஞ்ச நாளில் ஆலை அரவையை முடித்து மூடிவிடும் என்று பேச்சு. அதற்குள் வெட்டினால் கரும்பு, இல்லாவிட்டால் விறகு.

பிளஸ் டூ முடித்திருந்த எனக்குக் கடலூரில் ஒரு கல்லூரியில் இடம் கொடுத்துக் கடிதம் வந்திருந்தது. கரும்பு ஆலைக்குப் போனால் நான் கல்லூரிக்குப் போவேன், போகாவிட்டால் நானும் போக மாட்டேன். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எப்போது சேர வேண்டும் என்று அப்பா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த நிலையில்தான் சித்தப்பா ஒரு சாயங்காலம் மோட்டார் கொட்டகை ஓரமாக எதையோ பார்த்தார். முதலில் வீட்டில் சொல்லும்போது அது நாய். கீழத்தெருவில் சொல்லும்போது நரி. மறுநாள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே சொல்லும்போது அதற்குப் புள்ளிகள் முளைத்துவிட்டன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பேப்பர் ஏஜென்ட். போட்டோ ஸ்டுடியோவும் வைத்திருந்தார், அதே பேப்பருக்குச் செய்தியும் அனுப்புவார். அந்த வாரம் அவருக்கு வேறு செய்தி எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் சித்தப்பா கையில் இருந்த பேப்பர்களைப் பார்த்தால் கடையையே வாங்கி வந்ததுபோல் இருந்தது. அவருடைய கணக்கு எளிமையானது. கரும்பில் சிறுத்தை இருந்தால் ஊருக்கு ஆபத்து. ஊருக்கு ஆபத்து என்றால் கரும்பை உடனே வெட்டியாக வேண்டும். ஆலை வரிசை பார்க்க முடியாது. அப்பா படித்துவிட்டுப் பேப்பரை மடித்துக் கூரையில் செருகினார். அம்மாதான் கேட்டார்.

"இன்னா தம்பி, உன் கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சிதா அந்தச் சிறுத்த?"

"நான் பாத்தேன் அண்ணி."

"மாதா மேல சத்தியம் பண்ணு."

"மாதாவ ஏன் அண்ணி இதுக்குள்ள இழுக்கற?"

சனிக்கிழமை ஆலையின் பீல்டுமேன் மொபெட்டில் வந்து இறங்கினார். வியர்த்த தலையைத் துவட்டியபடியே அப்பாவிடம் புலம்பினார்.

"இன்னாங்க உங்க ஊரு? ஆபீஸ் தொறக்கறதுக்குள்ள வாசல்ல ஒரு கூட்டம். எல்லார் கரும்புலயும் சிறுத்த. ஒருத்தர் கரும்புல குட்டியோட இருக்குதாம்."

பொய் சொல்லத் தெரியாத அப்பா அன்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அது பொய்யும் இல்லை.

"எங்களுதுதாங்க பேப்பர்ல வந்தது."

"அதான் ஆபீசர் உங்களுக்கு ஆர்டர் போடச் சொல்லிட்டாரு. பேப்பர்ல வந்துட்டதால மேல இருந்து கேப்பாங்களாம். மத்த சிறுத்தைங்க எல்லாம் வெய்ட்டிங்."

அம்மா உள்ளே போய் மாதா படத்துக்கு முன்னால் நின்றார். நன்றி சொன்னாரா, மன்னிப்புக் கேட்டாரா என்று தெரியாது. வெகுநேரம் நின்றார்.

திங்கட்கிழமை வெட்டாட்கள் வந்தார்கள். மணலூர்பேட்டைப் பக்கத்து ஆட்கள், குடும்பம் குடும்பமாக, கத்தியும் சட்டிபானையுமாக. புளியமரத்தடியில் கூட்டிய அடுப்பு புகையத் தொடங்குவதற்குள் ஊர் அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அவர்களுடைய மேஸ்திரி எழுந்து வந்தார். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, மரியாதையாகவே பேசினார்.

"பாம்புன்னா பாத்துக்கலாம்ங்க. பன்னின்னாகூட கத்தித் தொரத்திப் பாக்கலாம். சிறுத்த இருக்கிற கரும்புல பொண்டு புள்ளைங்கள எறக்க மாட்டேன்."

"அதெல்லாம் ஒன்னும் இல்ல மேஸ்திரி, சும்மா..." என்று அப்பா ஆரம்பித்தார். வரப்பில் மொபெட்டைச் சாய்த்துவிட்டு பீல்டுமேன் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் அப்பாவின் வாய் தானாக மூடிக்கொண்டது.

எங்கள் நிலை அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. சிறுத்தை இல்லை என்று சொன்னால் உத்தரவு போய்விடும். இருக்கிறது என்று சொன்னால் வெட்டாள் போய்விடுவார்கள். ஆலைக்குச் சிறுத்தை வேண்டும், மேஸ்திரிக்கு வேண்டாம். இரண்டு பேரும் ஒரே வரப்பில் பத்தடி இடைவெளியில் நின்றார்கள்.

அப்பா சித்தப்பாவைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப்போனார்.

"உண்மைய சொல்லுடா. இன்னா பாத்த?"

"மஞ்சளா ஒன்னு பாத்தேண்ணா."

"மஞ்சளான்னா?"

"மஞ்சளா... கொஞ்சம் வேகமா."

அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆலை மூடும்வரை மேஸ்திரி எங்களுக்காகக் காத்திருக்க மாட்டார். அடுத்த ஊரில் அவருக்கு வேலை இருந்தது. நான் கடிதத்தை அலமாரியில் எந்தப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன் என்று, காரணமே இல்லாமல், யோசித்துக்கொண்டிருந்தேன்.

வழியைச் சொன்னவர் அம்மா. "வந்துச்சுன்னு சொன்னவரே போயிடுச்சுன்னும் காட்டட்டும். எல்லாரும் பாக்க, தொரத்திவுடுங்க."

வரப்பிலிருந்த மேஸ்திரி அதைக் கேட்டுத் தலையாட்டினார். "அது நாயம். ஆனா பாத்தவரு முன்னாடி போவணும்."

சித்தப்பாவின் முகம் போன போக்கை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நாலு நாளாகச் சொல்லிச் சொல்லி, அந்தச் சிறுத்தையை ஊரில் எல்லாரையும்விட அதிகமாக நம்பத் தொடங்கியிருந்தவர் அவர்தான்.

ஊர் திரண்டது. தகரம், தட்டு, குண்டான், கோயில் திருவிழா மேளம் ஒன்று. எனக்கு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கிடைத்தன. மூன்று பக்கம் அடைத்துக்கொண்டு தட்டி, ஒரு பக்கம் திறந்துவிட வேண்டும் என்று திட்டம். எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதில் தகராறு வந்தது.

சாதாரணமாகச் சிறுத்தை வந்தால், என் பக்கம் வராமல் இருந்தால் சரி என்றுதான் எவனும் நினைப்பான். எங்கள் ஊரில் அன்று நேர்மாறு. ஒவ்வொருவரும் அது தன் கரும்புக்குள் ஓட வேண்டும் என்று சண்டை போட்டார்கள். பீல்டுமேன் கண்ணெதிரில் ஒருவருடைய கொல்லிக்குள், அதாவது நிலத்துக்குள், சிறுத்தை புகுந்தால், அவருக்கு அடுத்த உத்தரவு நிச்சயம்.

"வடக்கால தொரத்துங்கப்பா, அங்கதான் தண்ணி இருக்குது, அது அங்கதான் போவும்!"

"உன் கெணத்துல ஏதுய்யா தண்ணி? தெக்கால வுடுங்க!"

"யோவ், என் கரும்பு ஒரு வருசமா அதுக்காகவே காத்துக்கினு இருக்குது!"

மேஸ்திரி கையைத் தூக்கினார். "பக்கத்துக் கொல்லிக்குப் போனா ராத்திரி திரும்பி வந்துடும்ங்க. மலைக்குப் போனாத்தான் நாங்க எறங்குவோம்."

சத்தம் அடங்கியது. மலைக்குப் போவதென்றால் மேற்குப் பக்கம் திறக்க வேண்டும். அங்கே பத்திருபது பனைமரமும் ஓடையும்தான், யாருடைய கரும்பும் இல்லை. மலைக்குப் போய்விட்ட சிறுத்தை ஒருவருக்கும் உதவாது. எங்களுக்கு மட்டும்தான் உதவும். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கேட்கும் உரிமை எங்களுக்கு இல்லை. அப்பா கேட்கவும் இல்லை.

அப்போது பேசியவர் எங்கள் கொல்லிக்கு அடுத்த கொல்லிக்காரர். வரப்புத் தகராறில் அப்பாவோடு பல வருஷமாகப் பேச்சு கிடையாது. நான் மட்டும் எதிரில் பார்த்தால் மாமா என்பேன். ஆலை வாசலில் குட்டியோடு சிறுத்தை சொன்னவர் அவர்தான். தோளில் இருந்த தகர டின்னை மாற்றிப் போட்டுக்கொண்டு, அப்பாவைப் பார்க்காமல் மேஸ்திரியைப் பார்த்துச் சொன்னார்.

"மலைக்கே ஏத்துங்க. இவரு மூஞ்சிக்காக இல்ல. புள்ள படிக்கப் போற எடத்துக்குப் போவட்டும்."

யாரோ ஒருவர் தகரத்தை ஒரு தட்டு தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். வடக்கே விடச் சொன்னவர் வடக்கை அடைத்து நின்றார். தெற்கே விடச் சொன்னவர் தெற்கில்.

சித்தப்பா சிலுவை போட்டுக்கொண்டு கையில் ஒரு கம்போடு கரும்புக்குள் நுழைந்தார். உள்ளே போனதும் அவர் குரல் மட்டும் கேட்டது. "ஓய்... ஓய்..." என்று ஆரம்பித்து, நடுவில் "அருள் நிறைந்த மரியே" என்று மாறி, மறுபடி "ஓய்" என்றது. தகரச் சத்தத்தில் காதடைத்தது. இரண்டு கீரி ஓடின. ஒரு காட்டுப்பூனை வந்து, கூட்டத்தைப் பார்த்து, உள்ளேயே திரும்பிப் போனது. பிறகு சோகை சரசரவென்று ஆட, மேற்குப் பக்கமாகப் பெரிதாக, மஞ்சளாக, கொஞ்சம் வேகமாக ஒன்று பாய்ந்து வெளியே வந்தது.

அது மாமா வீட்டு நாய்.

ஊரில் அதைத் தெரியாதவர்கள் இல்லை. தினம் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். எங்கள் மோட்டார் கொட்டகையின் ஈரத்தில் போய்ப் படுத்துக்கொள்வது அதன் வழக்கம் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு கணம் தகரங்கள் நின்றன. நாய், இத்தனை பேர் தன்னை அழைக்க வந்திருக்கிறார்களா என்பதுபோல் திரும்பிப் பார்த்து வாலை ஆட்டியது. மாமா தன் நாயைப் பார்த்தார். பிறகு தொண்டை கிழியக் கத்தினார்.

"அதோ போவுது சிறுத்த! மலைக்குப் போவுது, தொரத்துங்கடா!"

கூட்டம் முழுக்க "சிறுத்த, சிறுத்த" என்று கத்திக்கொண்டு ஓடியது. நானும் கத்தினேன், தட்டு நசுங்கத் தட்டினேன். தன்னை வளர்த்தவரே கல் விட்டு எறிவதைக் கண்ட நாய் பனைமரங்களைத் தாண்டி ஓடைக்குள் மறைந்தது. பீல்டுமேன் மொபெட்டைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

மேஸ்திரி மெதுவாக நடந்து மாமா பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாங்க, வாலை ஆட்டிச்சு?"

"ஏன், சிறுத்தைக்கு வாலு இருக்கக்கூடாதா?"

மேஸ்திரி அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார், தட்டோடு நின்ற என்னையும் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, அடுப்படியில் இருந்த தன் ஆட்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"போயிடுச்சு. எறங்குங்கடா."

கிழக்கு வரப்பு வழியாகச் சித்தப்பா வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகமெல்லாம் சோகை கீறிய கோடு. "போயிடுச்சா? பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தோம் என்று எல்லாரும் சொன்னோம். "எம்மாம் பெருசு பாத்தீங்களா?" என்றார். அதையும் ஒப்புக்கொண்டோம். அன்று ராத்திரி அவருக்கு உண்மையாகவே காய்ச்சல் கண்டது.

அந்த நாளிதழை நான் விரிப்பதே இவர்களுக்காகத்தான். பேப்பரில் 'பொதுமக்கள்' என்று ஒரே சொல்லில் போட்டுவிட்டார்கள். அந்தச் சொல்லுக்குள் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவரவர் கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. அவரவருக்கு ஒரு சிறுத்தை தேவைப்பட்டது. கையில் கிடைத்த ஒரே சிறுத்தையை அவர்கள் மலைக்கு அனுப்பினார்கள். மாமாவின் கரும்பு அந்த அரவையின் கடைசியில்தான் வெட்டுப்பட்டது. பாதி சக்கையாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவர் எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பாவும் அவரும் அதற்குப் பிறகும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வரப்பில் பிறகு யாரும் மண்வெட்டி வைக்கவில்லை. அம்மா கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுத்தனுப்பும் வீடுகளில் அந்த வீடு முதலாவதாக ஆனது, அதில் நாய்க்கென்று ஒரு அதிரசம் தனியாக இருக்கும்.

இத்தனை வருஷம் எத்தனையோ வரலாற்றுப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். பெரிய மனிதர்கள் விட்டுக்கொடுத்தவற்றைப் பற்றி அவற்றில் நிறைய எழுதியிருக்கிறது. ஒரு சிறுத்தையை விட்டுக்கொடுத்தவர்கள் பற்றி எங்கும் படித்ததில்லை.

வெட்டு முடியச் சில நாள் ஆயிற்று. கரும்பு ஓங்கி நின்ற காலத்தில் எங்கள் வாசலிலிருந்து மேற்கே எதுவும் தெரியாது. கடைசிக் கரும்புப் பத்தை சாய்ந்ததும் ஓடையும் பனைகளும் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால், சாயங்கால வெயிலில் நீலமாக, கல்வராயன் மலை முழுசாக நின்றது. லாரி நிறைந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா வெட்டிய கொல்லியின் நடுவில் நின்றிருந்தார். நான் தண்ணீர்ச் செம்போடு போனேன். அண்ணாந்து குடித்துவிட்டு, வாயைத் துண்டால் துடைத்தார். லாரியைப் பார்த்தபடியே கேட்டார்.

"எந்தத் தேதியில வரச் சொல்லி இருக்காங்க?"

நான் தேதியைச் சொன்னேன். கிழமையையும் சேர்த்துச் சொன்னேன்.